பத்து முகங்களுக்கு ஒரு சாம்பல் கண்ணாடி

காஜா பெராங், மலாக்கா
6-6-1943

அன்புள்ள தம்பி கலியாணசுந்தரத்துக்கு,

நீ கோபித்துக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. நலம் விசாரித்து நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதற்காவது எழுது. இது நலம் விசாரிக்கும் கடிதமல்ல, உதவி கேட்கும் கடிதம்.

எதிர்வீட்டுத் தம்பிராஜாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மரவள்ளிக்கிழங்கு வாங்க உங்கள் பக்கம் வருகிறார், டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில். மலாக்காச் சிட்டி வீட்டுப் பிள்ளை, தமிழ் வம்சம்தான் என்றாலும் தலைமுறையாக மலாய்தான் அவர்களுக்குப் பேச்சு. தமிழ் எழுத்து தெரியாது. ஆகையால் நீ என்னை எப்படித் திட்டி எழுதினாலும் அது நமக்குள்தான் இருக்கும்.

விஷயம் இது. நகரத்துக் குடிநீர்க் குழாய் வேலைக்கு எடுத்த ஆட்களுக்கெல்லாம் முகப்படம் ஒட்டிய அட்டை கொடுக்கப் போகிறார்கள். அட்டை இருப்பவனை, போனவர் யாரும் திரும்பாத சயாம் ரயில்பாதைக்கு லாரியில் ஏற்றமாட்டார்கள். அதனால் அந்த அட்டை என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுக்கும் வேலை நம் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறது. நீ இல்லாத ஸ்டூடியோவில் நான்தான் இருக்கிறேன்.

படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுக்குப் பஞ்சம் என்பதால் ஒரு தட்டில் பத்துப் பேர். பிறகு ஒவ்வொரு முகமாகக் கத்தரியால் வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். வீட்டுக்குள் எடுத்தால் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் ஜப்பான் அதிகாரி, ஆபீஸ் முன்னால் உள்ள திடலில், வெயிலில், கொடிக்கம்பம் தெரிகிற மாதிரிதான் எடுக்க வேண்டும் என்கிறார். அவர்கள் தரும் ஜப்பான் தட்டோ கண்ணிமைக்கும் நேரத்தில் வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. அப்பாவின் காமிராவில் ஷட்டர் ஏது? லென்ஸ் மூடியைக் கையால் எடுத்துக் கையால் மூட வேண்டும். லென்ஸுக்கு இருப்பதிலேயே சின்னத் துவாரத்தைப் போட்டு, என்னால் முடிந்த வேகத்தில் மூடினேன். பத்துப் பேரும் வெளுத்துப்போய், கண் மூக்கு இல்லாமல் வந்தார்கள். அதிகாரி பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளிச்சத்தைக் குறைக்க அப்பா லென்ஸுக்கு முன்னால் ஒரு சாம்பல் கண்ணாடி மாட்டுவாரே, அது நீ கொண்டுபோன பெட்டியில் இருக்கும். அதை மட்டும் துணியில் சுற்றித் தம்பிராஜாவிடம் கொடு. பெட்டியை நீயே வைத்துக்கொள்.

உன் மனைவி விஜயாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
சிவகாமசுந்தரி


புக்கிட் ரம்பாய்
9-6-1943

அக்கா அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கண்ணாடி இல்லை. வீட்டை விட்டு வந்த அன்றே மாட்டு வண்டியில் பெட்டி கவிழ்ந்து உடைந்தது. நீங்களும் நானும் சேர்ந்துதான் ஊரில் கண்ணாடியை இல்லாமல் செய்கிறோம் போலிருக்கிறது. ஆனால் நான் உடைத்தது ஒன்று. நீங்கள் கழுவியது அப்பாவின் இருபத்தெட்டு வருஷத் தட்டுகள்.

நான் வெளியே போயிருந்த ஒரு மத்தியானத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அண்டாவில் சோடா போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவினீர்கள். நான் வந்தபோது கொல்லையில் வெறும் கண்ணாடிகள் தட்டு கழுவி வைத்த மாதிரி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. டீச்சரம்மா கரும்பலகை அழிப்பது போல அழித்துவிட்டீர்கள்.

அத்தனை கண்ணாடி வீட்டில் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? இல்லாவிட்டால் மாடி ஜன்னலில் கலர் கலராகப் பதித்திருக்கிறதே, அதில் ஒன்றைப் பெயர்த்து மாட்டுங்கள்.

விஜயா நலம். தோட்டத்தில் கிழங்கு வருகிறது. நாங்கள் பட்டினி இல்லை.

க. சுந்தரம்


காஜா பெராங்
14-6-1943

தம்பி,

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். திட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

கண்ணாடி உடைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ கேலிக்குச் சொன்னாயோ நிஜமாகச் சொன்னாயோ, மாடி ஜன்னலின் தேன்நிறக் கண்ணாடியைப் பெயர்த்து லென்ஸுக்கு முன்னால் கட்டிப் படம் எடுத்துவிட்டேன். வெளிச்சம் நன்றாகக் குறைந்தது. மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூட முடிந்தது. சந்தோஷத்தோடு டெவலப்பரில் போட்டுப் பிரதி எடுத்துப் பார்த்தால், சட்டைகள் சாம்பலாகத் தெரிகின்றன, முகங்கள் கரிக்கட்டை. மண்டோர் சேதுராமன் நல்ல மனிதர், இத்தனை ஆட்களுக்கும் அவர்தான் மேல் ஆள். பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டீச்சர், நம்ம ஆளுங்க கறுப்புதான், இல்லேங்கல. அதுக்காக இவ்ளோ கறுப்பா லா? இதுல எது கருப்பையா, எது கொடிக்கம்பம்?”

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பையாதான் அதிகம் சிரித்தார். சிரித்துவிட்டு, “அடுத்த வாட்டி வந்துடும்ல டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு மூன்று பெண்கள். வந்துவிடும் என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும், அது உண்மை. கேட்க நேரமில்லை என்பதும் உண்மை. அன்று காலை பக்கத்துத் தெருவில் ஜப்பான்காரர்கள் வீடு வீடாகப் புகுந்து படங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவின் தட்டுகளில் சீன நிவாரண நிதிக்குப் பணம் திரட்டியவர்கள் கொடி பிடித்து நின்ற படம் இருந்தது, உனக்குத் தெரியும். நாற்பது பேர். அப்பா எடுத்த படம் ஆனதால் நாற்பது பேர் முகமும் அவ்வளவு தெளிவு. அது அவர்கள் கையில் கிடைத்தால் ஒருவரையும் விட்டுவைக்கமாட்டார்கள். மங்கலாக எடுத்திருந்தால் கழுவியிருக்கமாட்டேன். அது எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் கழுவினேன். நம் அம்மாவின் படமும் அதில் போயிற்று. அதை நினைக்காத நாளில்லை.

நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. கண்ணாடிக்கு வேறு வழி உண்டா, அதைச் சொல். கடைசியாக இரண்டு தட்டு தருவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். அதிலும் வராவிட்டால் இந்த ஆட்களே வேண்டாம் என்று விடுவாராம்.

இன்னொன்று. சேதுராமன் அடுத்த கூட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது என்கிறார். “உங்க தம்பிய வரச் சொல்லுங்களேன்,” என்றார். வா.

சிவகாமி


புக்கிட் ரம்பாய்
18-6-1943

அக்கா,

ஜன்னல் கண்ணாடியை நிஜமாகவே பெயர்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. காலேஜில் படித்தவள் நீ. விஜயா சிரித்துச் சிரித்து அடுப்பை அணையவிட்டாள்.

இந்தத் தட்டுகளுக்கு எல்லா நிறமும் ஒரே மாதிரி தெரியாது. நீலத்தை விழுந்து விழுந்து பார்க்கும். மஞ்சளும் சிவப்பும் அதற்குக் குருட்டு இருட்டு. தேன்நிறக் கண்ணாடி மற்ற நிறங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, தட்டுக்குத் தெரியாத நிறத்தை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. நம் ஆட்களின் தோல் என்ன ஆகும்? சாம்பல் கண்ணாடியின் வேலையே வேறு. எல்லா நிறத்திலும் ஒரே அளவு குறைக்கும். எதன் பக்கமும் சாயாது. விளக்குப் புகை பிடித்த கண்ணாடியும் வேண்டாம், திட்டுத் திட்டாக இருக்கும், விரல் பட்டால் போய்விடும்.

நீயே செய்துகொள். இருட்டறை மேல்தட்டில் அப்பாவின் பழைய சின்னத் தட்டுகள் ஒரு டப்பா இருக்கும், யாரும் உபயோகிக்காதது. வேகம் செத்த தட்டுகள், வெளிச்சத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அதனால் சொன்னபடி கேட்கும். இருட்டில் ஒன்றை எடுத்து மேஜையில் வை. விளக்கைச் சுற்றி வெள்ளைத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி, அறையின் அந்தக் கோடியில் வைத்து ஒரு நொடி காட்டு. அடுத்த தட்டுக்கு இரண்டு நொடி, அடுத்ததற்கு நான்கு. டெவலப்பரில் ஆட்டிக்கொண்டே இரு, நிறுத்தினால் கறை விழும். ஒன்றும் படம் பிடிக்காத வெறும் சாம்பல் வரும். எது நல்ல மழைமேகம் மாதிரி இருக்கிறதோ அதை எடுத்துக் காய வைத்து வார்னிஷ் பூசு. அதுதான் உன் கண்ணாடி.

ரொம்பக் கறுப்பாக்காதே. கறுக்கக் கறுக்க நீ அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். நேரம் கூடினால் பத்துப் பேரில் ஒருவன் அசைவான். அசைந்தவன் முகம் கரைந்துபோகும். அவனுக்கு அட்டை கிடையாது.

நான் வரவில்லை. அந்தக் கொடிக்கம்பத்தின் முன்னால் நின்று பல்லைக் காட்ட எனக்குப் பிரியமில்லை. போன செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்கு லாரி வந்தது. சினிமாப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்களாம். நாங்கள் உள்ளே தள்ளி இருக்கிறோம். கவலைப்படாதே.

அம்மா படத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

சுந்தரம்


காஜா பெராங்
24-6-1943

அன்புள்ள சுந்தரம்,

கண்ணாடி செய்துவிட்டேன். ஏழாவது முயற்சியில் நீ சொன்ன மழைமேகம் வந்தது. இருட்டறையில் தனியாக நின்று, எந்தப் படமும் இல்லாத தட்டை ஆட்டிக்கொண்டிருப்பது ஒரு விசித்திரமான அனுபவம். மற்ற நேரத்தில் ஏதாவது தெரியுமா என்று பார்ப்போம். அன்று ஒன்றும் தெரியக்கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்களை நிறுத்தி ஒரு தட்டும் வீணாக்காமல் கண்ணாலேயே ஒத்திகை பார்த்தேன். பிறகு காமிராப் பெட்டி மூடிக்குள் அப்பா ஒட்டிய நேரக்கணக்கைப் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு, சாம்பல் கண்ணாடி போட்டால் எவ்வளவு என்று எண்ணித் திடலுக்குப் போனேன். ஆபீஸ் கடிகாரத்தில் சரியாக ஒன்பது. யாரும் அசையவில்லை. கருப்பையா மூச்சுக்கூட விடவில்லை.

டெவலப்பரில் போட்டால், தட்டில் பாதி வெளிச்சம்கூட விழவில்லை. மெல்லிசாக, புகை மாதிரி. ஆட்கள் இருக்கிறார்கள், முகம் இல்லை. இரண்டில் ஒன்று போயிற்று. இனி ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன். கண்ணாடி கறுத்துவிட்டதா? அப்பாவின் கணக்கு தப்பாக இருக்குமா? அதை நான் நம்பமாட்டேன். உடனே எழுது.

தம்பிராஜா உன்னைப் பற்றி ஒன்று சொன்னார். போன முறை வந்தபோது, நடுப்பகலில் நீ இரண்டு சாக்குகளைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாயாம். “அடேக் லூ சாக்கித், காக்,” என்றார், தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று. உன் கடிதத்தில் அது இல்லையே. கொடிக்கம்பம்தான் இருந்தது.

சிவகாமி


புக்கிட் ரம்பாய்
26-6-1943

அக்கா,

தம்பிராஜாவை நிற்க வைத்து இதை எழுதுகிறேன்.

கண்ணாடியும் சரி, அப்பாவும் சரி. ஆபீஸ் கடிகாரம்தான் டோக்கியோவில் இருக்கிறது. அவர்கள் வந்த அன்றே எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்களே, மறந்துவிட்டாயா? அவர்கள் ஒன்பது என்றால் நம் சூரியனுக்கு ஏழரை. அப்பா எழுதியது மலாக்கா வெயிலுக்கு. அவர்கள் கணக்கில் பத்தரைக்கு எடு, இல்லாவிட்டால் ஏழரைக்கு உள்ள கணக்கைப் போடு. அவ்வளவுதான்.

உடம்பைப் பற்றி. குளிர்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. கொயினா மாத்திரை கிடைப்பதில்லை. விஜயா ஏதோ கசப்புப் பட்டை கொதிக்க வைத்துத் தருகிறாள். காய்ச்சல் இல்லாத நாளிலும் கையும் தலையும் ஆடுவது நிற்கவில்லை. இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். முந்தியவை விஜயா எழுதியவை. நான் சொல்லச் சொல்ல, என் கையெழுத்து மாதிரியே எழுதினாள். “அக்காவ இப்படியா திட்டுவாங்க” என்று இரண்டு இடத்தில் வார்த்தையை மாற்றியும் இருக்கிறாள்.

ஆகையால் கொடிக்கம்பமும் இல்லை, கோபமும் இல்லை. கோபம் இருந்தது, அது வேறு. சாம்பல் கண்ணாடி போட்டு நீ நான்கு எண்ணுகிற நேரம் நான் அசையாமல் நிற்க முடியாது. ஒன்று எண்ணும் நேரம்கூட முடியாது. உன் தட்டில் ஒன்பது பேர் இருப்பார்கள், என் சட்டைக்கு மேலே ஒரு புகை இருக்கும். அந்த இடத்தை அசையாத ஒருவனுக்குக் கொடு.

நேற்று நம் பாதை முனை வரைக்கும் லாரி வந்தது. விஜயாவுக்குச் சொல்லவில்லை.

சுந்தரம்


காஜா பெராங்
3-7-1943

அன்புள்ள தம்பி,

முதல் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். மலாக்கா சூரியனைக் கேட்டுத்தான் எடுத்தேன். கருப்பையாவின் கன்னத்து மரு வரை தெரிகிறது. கத்தரியை நானே பிடித்தேன். அட்டையில் ஒட்டியதும் அவர் அதைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “டீச்சர், சரியா இருக்கா?” என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

அவர்களைக் காப்பாற்றுகிறது என்றுதான் இந்த வேலையைச் செய்கிறேன். ஆனால் பத்துப் பெயரும் ஆபீஸ் புத்தகத்தில் இருக்கின்றன, பத்து முகமும் என் தட்டில் இருக்கின்றன. நாளைக்கு அவர்கள் மனம் மாறினால், தேடுவதற்கு நானே வழி செய்து கொடுத்தவள் ஆவேன். போன வருஷம் தெளிவான முகங்களை அழித்தேன், இந்த வருஷம் தெளிவான முகங்களை எடுக்கிறேன். இரண்டும் சரியென்றுதான் படுகிறது. இரண்டிலும் தூக்கம் வரவில்லை.

அடுத்த பத்துப் பேருக்கு இன்னொரு தட்டு கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை, அவர்கள் கணக்கில் பிற்பகல் நான்கு மணி. முதலில் காலையில்தான் கூப்பிட்டார்கள். காலையில் ஆட்களுக்குக் குழாய் புதைக்கும் வேலை இருக்கிறது, அது கெடும் என்று சேதுராமனைச் சொல்லச் சொன்னேன். என் உண்மையான காரணம் அதுவல்ல என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

உன் எழுத்தைப் பார்த்தேன். விஜயா மாற்றிய வார்த்தைகள் எவை என்று பிறகு கேட்டுக்கொள்கிறேன். நீ கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் ஒரு காமிராவின் முன்னால் நிற்பவனுக்குக் கணக்கு போடும் வேலை இல்லை. வந்து நில். வியாழன் உனக்குக் காய்ச்சல் வராத நாள் என்று தம்பிராஜா சொல்கிறார். அவர் சைக்கிளில் உன்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வருவாராம். சேதுராமன் உன்னை இரண்டாம் வரிசை நடுவில் நிறுத்துவார்.

வராவிட்டால் நானே அங்கே வந்து உட்காருவேன். அந்தத் தட்டு வீணாகும்.

சிவகாமி


புக்கிட் கட்டில், குழாய் ஆட்கள் கொட்டகை
15-7-1943

அன்புள்ள அக்கா,

அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. விஜயாவும் இங்கே வந்துவிட்டாள். குழாய் புதைக்கிற ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். சேதுராமன் எனக்கு நிழலில் உட்கார்ந்து மூட்டுகளுக்குச் சணல் சுற்றும் வேலை கொடுத்திருக்கிறார். கை ஆடினாலும் சணல் சுற்றலாம்.

அன்று உன்னோடு பேச விடாமல் எங்களை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள். நல்ல லாரி, குழாய் வேலைக்குப் போவது. அதனால் இதை எழுதுகிறேன்.

திடலில் வெயில் கொளுத்தியது. என் வலப்பக்கம் அடைக்கப்பன், இடப்பக்கம் சேதுராமன், இரண்டு பேரும் தோளால் என்னை இறுக்கிக்கொண்டார்கள். அப்படியும் தலை ஆடியது. நீ சாம்பல் கண்ணாடியை மாட்டினாய், கறுப்புத் துணிக்குள் போனாய். வெளியே வரவே இல்லை. அதிகாரி இரண்டு முறை கத்தினார். அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ் வந்து, “என்னம்மா தேடுறீங்க உள்ள?” என்றார். “காமிரா சூடாயிருச்சு, ஆறணும்,” என்று துணிக்குள்ளிருந்து சொன்னாய். அடைக்கப்பன் என் காதில், “மாப்ள, காமிராவுக்கும் காய்ச்சலா?” என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதில் இன்னும் ஆடினேன்.

காமிரா சூடாவது கிடையாது என்று அந்தத் திடலில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடல் பக்கமிருந்து மேகம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன். நிழல் திடலில் நடந்து வந்து எங்கள் கால்மேல் ஏறியது. கொடிக்கம்பம் கறுத்தது. நீ துணியை விட்டு வெளியே வந்து, ராத்திரி பகலாகப் பாடுபட்டுச் செய்த அந்தக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாய். மூடியை எடுத்ததும் மூடியதும் எனக்குத் தெரியவில்லை, ஆடுவதற்கு என் தலைக்கு நேரமே கிடைக்கவில்லை. முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது.

அப்பாகூட வாடிக்கைக்காரரை மேகத்துக்காகக் காக்க வைத்ததில்லை.

ஒரு விஷயம். பத்து முகம் வெட்டி ஒட்டியாகிவிட்டது. அந்தத் தட்டு உன்னிடம் இருக்கிறது. பத்துப் பேரும் அதில் தெளிவாக இருப்போம். கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அம்மா படம் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அது போகாது. ஆனாலும் சொல்கிறேன், அந்தத் தட்டைக் கழுவிவிடு.

உன் தம்பி,
சுந்தரம்


காஜா பெராங்
17-7-1943

அன்புள்ள சுந்தரம்,

ஆபீஸிலிருந்து தட்டைக் கேட்டு ஆள் வந்தது, உன் கடிதத்துக்கு முந்தின நாள். மழையில் நனைந்து மேல்பூச்சு உரிந்துவிட்டது என்று வெறும் கண்ணாடியைக் காட்டினேன். அன்று மழை பெய்ததை அவரும் பார்த்திருக்கிறார். கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அந்தப் பக்கம் என் முகம்தான் தெரிந்தது. போய்விட்டார். முதல் பத்துப் பேரின் தட்டையும் அப்படியே செய்துவிட்டேன். ஆபீஸ் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, நீ சொல்வதற்கு முன்பே கழுவியாயிற்று. இந்த முறையும் உன்னைக் கேட்கவில்லை.

கழுவுவதற்கு முன் உன்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இளைத்திருக்கிறாய். அடைக்கப்பன் என்ன சொன்னான் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. பத்துப் பேரில் நீ ஒருவன்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

பிரதி ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. அந்த முகம் இப்போது உன் சட்டைப் பையில் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் வேலை பார்க்கிறாய், நனையாமல் வைத்துக்கொள்.

சிவகாமி